செல்வி அக்காவின் மீன்கூடை

கோவளம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் காவலாளி. கடலைப் பார்த்த பின்வாசல் என் பொறுப்பு. மீன் விற்கும் செல்வி அக்கா தினமும் கூடையோடு அந்த வாசல் வழியாகத்தான் வளாகத்தைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போவார். நான் வாடகைக்கு இருப்பதும் அவர் பக்கத்து வீட்டில்தான்.

வெளிநாட்டு விருந்தினர் வந்த அன்று, வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டார். அதை மட்டும் நான் சொல்லியிருக்கலாம். மாணவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத் திமிர் ஏறிவிட்டது.

"கூடை நாறுது. சுத்திகினு போ."

"நேத்து உன் வூட்ல கொழம்பு கொதிச்சப்போ நாறலையா?" என்று கேட்டுவிட்டு, அக்கா சுடுமணலில் இறங்கி நடந்தார். என்ன வாய்க்கொழுப்பு என்று நானும் கறுவிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கரைக்கு மீன் வாங்கப் போனேன். அக்காவின் கூடை நிறைய சங்கரா. என்னைக் கண்டதும் ஈரச் சாக்கை இழுத்து மூடினார்.

"மீனு இல்ல."

"அதான் கீதேக்கா?"

"உனுக்கு நாறும்பா."

பக்கத்தில் இருந்த பெண்ணும் தன் கூடையை மூடினார். அதற்கடுத்தவரும் மூடினார். வெறும் பையோடு வீடு திரும்பினேன்.

இப்போது தடை எதுவும் இல்லை. அக்கா தலை தெரிந்ததுமே கேட்டை அகலத் திறந்து வைக்கிறேன். "வாக்கா" என்று கூப்பிட்டும் பார்த்துவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டுதான் போகிறார். உத்தரவு அதிகாரியுடையது; அதை அவர் மறுநாளே மறந்துவிட்டார். நாறுது என்ற சொல் மட்டும் என்னுடையது.