நாற்பத்தேழு ரூபாய் முட்டைக்கோஸ்

1961 டிசம்பரில் என் தங்கை கிரேஸ் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். விடுமுறைக்காக அல்ல. திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தவளை, இரண்டாம் தவணைக் கட்டணம் கட்டாததால் அனுப்பிவிட்டார்கள். அடுத்த டிசம்பருக்குள் ஐம்பத்தைந்து ரூபாயோடு வந்தால் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காரணம் நான். கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீசியன் வேலை. மாதம் எண்பத்தைந்து ரூபாய். எங்கள் அப்பா பங்களாத் தோட்டக்காரராக இருந்தவர். எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைக் காய்கறிகளை ஏலம் விடும்போது, முதல் முட்டைக்கோஸை வருடந்தோறும் அப்பாதான் எடுப்பார். அவர் இறந்தபின் வந்த முதல் பண்டிகை, கிரேஸ் திரும்புவதற்கு முந்தின நவம்பரில் நடந்தது. பெருமாள்மலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் தேவசகாயம் அண்ணாச்சி பத்து என்றார். நான் பதினைந்து என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. "நாப்பத்தேழு, மூணாந்தரம்!" என்று ஏலம் விட்ட சபை உபதேசியார் மணியடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கைப்பையில் இருந்தது நாற்பத்தெட்டு ரூபாய். கிரேஸின் கட்டணத்துக்காகச் சேர்த்தது.

அந்தக் கோஸை அம்மா இரண்டு நாள் பொரியல் வைத்தார்.

கிரேஸ் திரும்பி வந்தபின் தினமும் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, எப்படியாவது பணம் அனுப்பும்" என்பதே ஜெபம். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். சம்பளம் இருபதாம் தேதியோடு தீர்ந்தது. அண்ணாச்சி கடையில் பாக்கி முப்பத்திரண்டு ரூபாய் ஏறியிருந்தது.

ஒரு காலையில் அம்மா உலைக்கு அரிசி அளந்தார். வழக்கம்போல் ஒரு பிடியை எடுத்துக் கோயில் காணிக்கைக் கலயத்தில் போட்டார். எனக்குக் கோபம் வந்தது.

"நமக்கே இல்ல. இதுல கோயிலுக்கு வேறயாம்மா?"

"ஒரு நாளாவது அந்தப் பிடி இல்லாம ஒனக்கு வயிறு கொறஞ்சிச்சா எஸ்தரு? ஒலையில போட்டபொறவு எடுக்க முடியுமா? அதேன் மொதல்ல எடுக்கேன்."

அன்று லேபில் சாயப் புட்டிகளைச் சரிபார்த்தபோது அம்மாவின் அந்த வார்த்தை திரும்ப வந்தது. கால் புட்டி இருக்கும்போதே அடுத்ததைக் கேட்டு எழுதிவிடுகிறவள் நான். ஒரு துளிக்கும் கணக்கு வைப்பேன். வீட்டுப் பணத்துக்கு ஒரு காகிதம்கூட இல்லை. வாசல் பெருக்காமல் விருந்தாளியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது. ஜெபத்தை மாற்றினேன். "ஆண்டவரே, எனக்குப் புத்தி தாரும். என் வாய்க்குக் காவல் வையும்."

மாலையில் எழுதினேன். சம்பளத்தன்றே எடுக்கவேண்டியவை: காணிக்கை, கிரேஸுக்கு ஐந்து ரூபாய், கடைப் பாக்கிக்கு நான்கு. மீதிதான் எங்களுக்கு. பிறகு வெட்கத்தை விட்டு அண்ணாச்சியிடம் போனேன்.

"மொத்தமாத் தர முடியாது அண்ணாச்சி. மாசம் நாலு ரூவா தாரேன். இனிமே கடனுக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவர் தராசைக் கீழே வைத்தார். "தாயி, அன்னிக்கு ஏலத்துல ஒன்ன ஏத்திவிட்டதே நாந்தேன். ஒங்கப்பா அஞ்சு ரூவாயத் தாண்டுனதில்ல. இந்தப் புள்ள எம்புட்டுத் தூரம் போகும்னு பாத்தேன். தங்கச்சி திரும்பி வந்தத கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. நாலே குடு. வட்டிப் பேச்சு வேண்டாம்."

எட்டு மாதத்தில் பாக்கி தீர்ந்தது. இடையில் ஏப்ரல் சீசனில் விலை ஏறியது. ஒரு வாரம் உருளைக்கிழங்கே சாப்பிட்டோம். கிரேஸின் ஐந்து ரூபாயைத் தொடவில்லை.

மறு வருடப் பண்டிகை நவம்பரில் வந்தது. கிரேஸுக்கான டப்பாவில் ஐம்பது ரூபாய் சேர்ந்திருந்தது. உபதேசியார் முதல் கோஸைத் தூக்கினார். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"என்ன டெக்னீசியனம்மா, இந்த வருசம் வாயக் காணோம்?" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"போன வருசக் கோசு இன்னும் செரிக்கல போல!" என்றார் இன்னொருவர்.

சிரிப்பு எழுந்தது. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. நாக்கு நுனியில் தொகை நின்றது. கண்ணை மூடி, "காவல் வையும்" என்றேன். மணி மூன்று முறை அடித்தது. கிளாவரை ஊர் விவசாயி ஒருவர் அதை நான்கு ரூபாய்க்கு எடுத்துப் போனார். நான் அரை ரூபாய்க்கு ஓர் எலுமிச்சம்பழம் எடுத்தேன்.

நவம்பர் சம்பளத்தின் ஐந்தும் சேர, டிசம்பரில் கிரேஸ் ஐம்பத்தைந்து ரூபாயோடு, அதே டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். இன்று பாச்சலூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள்.

சகோதர சகோதரிகளே, நீங்கள் கேட்கிற பணம் வராமல் இருக்கலாம். ஆண்டவர் உங்கள் ஜெபத்தைக் கேட்கவில்லை என்று நினைக்காதிருங்கள். உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்து வையுங்கள். உங்களையும் அவர் கையில் வையுங்கள். அன்று என் வாயை மூடியவர் அவரே. அவரைத் துதிக்கவே இன்று அதைத் திறந்திருக்கிறேன்.