நோன்பு மயக்கம் இல்லை

ஷானவாஸ் என் மகள் மதீனாவின் மகன். கம்பத்தில் திராட்சைப் பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை. பால்குடி மாறும் முன்பே பெற்ற அத்தாவை இழந்தவன். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். கபடியில் பாடிப் போனால் ஒருவனையாவது தொடாமல் திரும்பமாட்டான்.

இரண்டாயிரத்தில் நோன்பும் கிறிஸ்மஸும் ஒரே மாதத்தில் வந்தன. பக்கத்துக் கிறிஸ்தவ ஊரில் கபடிப் போட்டி. அந்த ஊர் மிக்கேல் தன் அணிக்கு இவனைக் கூப்பிட்டிருந்தான். நோன்போடு போகாதே என்றேன்.

“நோன்பு வயித்துக்குத்தான் நன்னி, காலுக்கு இல்ல.”

மத்தியான ஆட்டத்தில் பிடிக்க வந்தவனின் முழங்கால் இவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்து அசைவில்லாமல் கிடந்தானாம். மிக்கேல் முகத்தில் சோடாவை அடித்தான். எழுந்தவன் எதிரணிப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

“ஏலே, கட்சி மாறிட்டான்டா!” கூட்டம் சிரித்தது.

“நோன்பு மயக்கம்” என்றான் மிக்கேல். கஞ்சி குடித்தால் சரியாகிவிடும், விளக்குப் போட்டதும் பைனலுக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று வண்டியில் கொண்டுவந்து விட்டுப் போனான்.

பாங்கு சொன்னதும் கஞ்சி குடித்தான். குடித்த வேகத்தில் வாந்தி. “காஞ்ச வயிறு, ஏத்துக்கல” என்று மதீனா இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். யார் என்ன சொன்னாலும் என் மனசு ஒப்பவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து நோன்பு வைக்கிறவன், ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. பல்ப் வெளிச்சத்துக்குக் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அம்மா, அத்தா தொழுதுட்டு வந்துட்டாகளா?”

மதீனாவின் கை அப்படியே நின்றது.

வாசலில் மிக்கேலின் ஹாரன். ஷானவாஸ் தடுமாறி எழுந்தான். மதீனா வாசலை மறித்துக்கொண்டாள்.

“அவன் வரமாட்டான் தம்பி.”

“ஊரே காத்துக் கெடக்குக்கா. இவன் இல்லாட்டி தோத்துருவோம்.”

“தோத்துட்டுப் போங்க.”

“தள்ளும்மா” என்று இவனும் முட்டினான். அவள் அசையவில்லை.

“மத்தியானம் யாரு ஜெயிச்சாகன்னு நீயே இவன்கிட்ட கேளு, தம்பி” என்றாள் மிக்கேலிடம்.

மிக்கேல் சிரித்துக்கொண்டே கேட்டான்.

“எந்த மத்தியானம்? ஆட்டமே இனிமேத்தானே” என்றான் ஷானவாஸ்.

மிக்கேலின் சிரிப்பு போய்விட்டது. ஓடிப்போய் ஜீப் பிடித்து வந்தான். சின்னமனூர் தாண்டியதும் இவன் பேச்சு நின்றது. கன்னத்தில் தட்டியும் கண் திறக்கவில்லை. தேனியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே மண்டையைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்தார்கள். அடிபட்டதுமே ஆட்டத்தை நிறுத்திக் கூட்டி வந்திருக்க வேண்டும், மறுபடி ஆடியிருந்தால் உயிரில்லாத மையத்துதான் வந்திருக்கும் என்றார் டாக்டர்.

பிழைத்தான். நிக்காஹ் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள். ஆனால் அன்று முதல் மதீனாவுக்கு நிம்மதி இல்லை. அவன் சற்றுக் கண்ணயர்ந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

“ஏலே, பிள்ளைக பேரைச் சொல்லு.”

சலித்துக்கொண்டே சொல்லுவான். போன வாரமும் கேட்டாள். மூத்தவன் பெயரை உடனே சொன்னான். சின்னவள் பாஜிலாவின் பெயருக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான்.