எழும்பாத விரல்

பாக்கியநாதனுக்கு எல்லாமே இடக்கைதான். சோற்றை மட்டும் வலக்கையால் எடுத்துத் தின்னப் பழக்கியிருந்தாள் அவன் அம்மா. அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை, பள்ளிக்கூடத்து வாத்தியாரின் பிரம்பாலும் முடியவில்லை. ஆணி அடிப்பதிலிருந்து கிரிக்கெட் பந்து வீசுவது வரை பீச்சாங்கையாலேயே செய்தான். ஊரில் அதையே பெயராக்கிக் கூப்பிட்டார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை.

அவனுடைய அப்பா ஊத்துக்கோட்டைப் பக்கம் பிறத்தியார் வயலில் கூலிக்கு உழைத்தவர். பாக்கியநாதன் பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தான். கம்பி உருட்டும் ஆலை, அட்டைப்பெட்டிக் கம்பெனி என்று கொஞ்ச காலம் அலைந்தபின் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஒரு பட்டறையில் நிலைத்தான். மற்ற இடங்களைவிட அங்கே சம்பளம் கூடுதல். ஏன் கூடுதல் என்று அவன் கேட்கவில்லை. கேட்கக்கூடிய நிலையில் இருப்பவன் அந்த வேலைக்கு வரவும் மாட்டான்.

கொப்பரையில் ஈயம் உருகிக் கிடக்கும்போது மேலே படியும் கசடை நீளமான இரும்பு அகப்பையால் வழித்துப் போடுவது அவன் வேலை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வான். ஷிப்டு முடிந்ததும் காண்டிராக்டர் ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார். "தூசியெல்லாம் அது இஸ்துக்கும், பயப்படாத" என்பார். வெல்லத்தைச் சப்பிக்கொண்டே சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போவான். அங்கே பிரின்சி அவன் சட்டையை வாளியில் ஊறப்போடுவாள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் திரண்டு நிற்கும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து முகம் சுளித்தவள், பிறகு பழகிவிட்டாள்.

அவனுக்கென்று இருந்த ஒரே ஆசை ஞாயிற்றுக்கிழமை மதியம் சஹாபுதீனின் பிரவுசிங் சென்டர்தான். சஹாபுதீன் பழவேற்காட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. துணியை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து, கும்மிடிப்பூண்டி பஜாரில் சின்னதாக ஒரு கடை போட்டிருந்தார். மெயில் பார்க்க வந்த கூட்டம் குறைந்ததும், மிஷின்களை ஒன்றோடொன்று இணைத்து விளையாட்டு ஏற்றினார். இரண்டு கட்சியாகப் பிரிந்து சுட்டுக்கொள்ளும் ஆட்டம். சர்ச்சில் பூசை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு பாக்கியநாதன் வந்து உட்கார்ந்தால் பையன்கள் அவன் கட்சியில் சேரப் போட்டி போடுவார்கள். இந்த ஆட்டத்தில் வலக்கை மவுஸைப் பிடிக்கும். ஓடுவதும் பதுங்குவதும் நிற்பதும் கீபோர்டில் இருக்கும் இடக்கையின் பொறுப்பு. மற்றவர்களுக்குத் தடுமாறும் அந்தக் கை இவனுக்குச் சொன்னபடி கேட்டது. பட்டறையில் யாரும் அவனை ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை. இங்கே அவன் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

2005 டிசம்பரில், மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு, அத்திப்பட்டிலிருந்து ஒரு கோஷ்டி போட்டிக்கு வந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் பாக்கியநாதன் ஒரு சுவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். போனான். ஆனால் நிற்கவில்லை. சுவரைத் தாண்டி வெட்டவெளிக்கு நடந்துகொண்டே இருந்தான். எதிரிகள் சாவகாசமாகச் சுட்டார்கள்.

"இன்னா பாய் கீபோர்டு வச்சிக்கினு கீற? கீ அழுத்தினா ஒட்டிக்குது, மேலயே வர மாட்டேங்குது" என்று பாக்கியநாதன் கத்தினான்.

சஹாபுதீன் வந்து கீபோர்டைத் திருப்பி, திருகுகளைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒவ்வொரு கீயின் அடியிலும் சின்னக் குமிழ் போல ரப்பர் வரிசை வரிசையாக இருந்தது. தூசிகூட இல்லை. "புதுசு நைனா, போன மாசந்தான் வாங்கினேன்" என்றார். வேறொருவனை உட்காரவைத்து ஆடச் சொன்னார். ஒரு கோளாறும் இல்லை.

பாக்கியநாதன் ஒப்புக்கொள்ளவில்லை. "ரப்பர் சவசவன்னு கீது பாய். பன்னு மேல வெரல் வச்ச மாரி. இத வச்சிக்கினு எவன் ஆடுவான்?"

சஹாபுதீன் யோசித்துவிட்டு உள்ளே போய், பழைய கீபோர்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு பாங்கில் கழித்துக்கட்டியது, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மற்ற சாமான்களோடு சேர்ந்து வந்தது. ஒரு செங்கல் கனம் கனத்தது. இதில் ரப்பர் கிடையாது. ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாக ஸ்பிரிங். மெக்கானிக்கல் என்றார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கடையில் பெரிய வாக்குவாதமே கிளம்பிவிட்டது. ரப்பர்தான் சத்தமில்லாதது, எவ்வளவு நேரம் ஆடினாலும் விரல் நோகாது என்றது ஒரு கட்சி. ஸ்பிரிங்தான் வேகம், அழுத்தியது விரலுக்கே தெரியும், லேசில் தேயாது என்றது இன்னொரு கட்சி.

"வாரம் பூரா அகப்பை புடிக்கிற கை. மெத்துனு கீறதே உனக்கு நல்லது" என்றார் சஹாபுதீன்.

பாக்கியநாதன் பழையதன் மேல் நடுவிரலை வைத்து முன்னே நடக்கும் கீயை அழுத்தினான். 'டக்' என்றது. விட்டான். ஸ்பிரிங் மறுபடி 'டக்' என்று விரலையும் சேர்த்து மேலே தள்ளியது. இன்னொரு தரம் செய்து பார்த்தான். முகம் தெளிந்தது.

"இதான் பாய். இது நம்ம கையி."

விரல் தானாக எழவில்லை, கீதான் அதைத் தூக்கிவிட்டது. அந்த வித்தியாசம் அன்றைக்கு அவனுக்கும் தெரியவில்லை, சுற்றி நின்றவர்களுக்கும் தெரியவில்லை.

பிறகு வந்த வாரங்களில் அவனை ஜெயிக்க ஆளில்லை. பொன்னேரியிலிருந்துகூட ஆட வந்தார்கள். ஆனால் வீட்டில் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. வாயில் எப்போதும் காசைச் சப்பியது போல ஒரு ருசி. வயிற்றைத் திருகித் திருகி வலித்தது. பிரின்சி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். காலையில் சட்டைப் பித்தான் போடத் திணறினால் அவளே வந்து போட்டுவிட்டாள். அப்போது அவளுக்கு வாந்தியும் மயக்கமும் ஆரம்பித்திருந்தன. முதல் பிள்ளை. தன் உடம்பைவிட அவள் உடம்பைப் பற்றியே அவன் பேசிக்கொண்டிருந்தான்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த சஹாபுதீனுக்குத்தான் முதலில் உறுத்தியது. கண்ணால் அல்ல, காதால். அந்தப் பழைய கீபோர்டில் அழுத்தும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம். யார் ஆடினாலும் இரண்டும் ஜோடியாக வந்து விழும். பாக்கியநாதன் ஆடும்போது இரண்டாவது சத்தம் பிந்தியது. தை மாதத்தில் கொஞ்சம். பங்குனியில் நன்றாகவே. 'டக்' என்று ஒன்று கேட்கும். அடுத்தது எப்போது வரும் என்று சஹாபுதீன் பேனாவைப் பிடித்தபடி காத்திருப்பார். அப்படிக் காத்திருப்பது ஏனோ அவருக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் கேட்டுவிட்டார். "நைனா, சொன்னா கோச்சிக்காத. கைய ஒரு டாக்டராண்ட காட்டேன்."

"கைக்கு இன்னா? ஸ்பிரிங்கு பழசு பாய். தளந்து போச்சு."

"நானும் தட்டிப் பாத்தேன். ஸ்பிரிங்கு நல்லாத்தான் கீது."

பாக்கியநாதன் திரைக்குத் திரும்பிக்கொண்டான்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அவன் லீவு போட்டுக் கடைக்கு வந்திருந்தான். கடையில் நெரிசல். மகளின் நம்பரை எழுதி எடுத்துக்கொண்டு சுப்பிரமணியும் வந்திருந்தார். முன்பு பாக்கியநாதனின் பட்டறையிலேயே உலைக்குப் பக்கத்தில் நின்றவர். குடித்துக் குடித்துக் கை போய்விட்டது என்று காண்டிராக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. வலக்கை மணிக்கட்டிலிருந்து ஈரத்துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் பாஸ் என்று தெரிந்ததும் அந்தக் கையை இன்னொரு கையால் தூக்கித்தான் சஹாபுதீனைக் கும்பிட்டார்.

திரும்பும்போது பாக்கியநாதனைப் பார்த்தார். அவன் கையைப் பார்த்தார். அவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, கைய மேசைல கவுத்து வை."

"எதுக்குண்ணா?"

"வை. அப்பிடியே நடு வெரல மட்டும் மேல தூக்கு."

பாக்கியநாதன் சிரித்துக்கொண்டே வைத்தான். தூக்கப் பார்த்தான். சுட்டுவிரல் அசைந்தது. நடுவிரல் யாருடையதோ போலக் கிடந்தது. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

"எனக்கும் அதான் மொதல்ல. அப்பால அடுத்த வெரலு. அப்பால மணிக்கட்டு" என்றார் சுப்பிரமணி. "புடிக்கறதுக்கு இருக்கும், விடறதுக்கு இருக்காது. நான் டீ கிளாஸு சரியில்லன்னு சொல்லிக்கினு இருந்தேன். நீ கீபோர்ட சொல்ற."

"உனுக்கு வேற, எனுக்கு வேறண்ணா" என்று எழுந்துவிட்டான் பாக்கியநாதன்.

மறுநாள் வேலைக்குப் போனான். அதற்கடுத்த நாளும் போனான். பிரின்சிக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் வேலையை விடுவதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அகப்பையைத் துணியால் கையோடு சுற்றிக் கட்டிக்கொண்டால் சமாளிக்க முடிந்தது. அந்த யோசனையைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்தான்.

அந்தத் துணிதான் வினையாயிற்று. ஒரு காலை ஷிப்டில், வழித்த கசடோடு அகப்பையை வெளியே திருப்பும்போது மணிக்கட்டு மடங்கி விழுந்தது. அகப்பை தலைகீழானது. உதறிவிட்டுப் பின்னால் குதிக்க வேண்டும். கை கட்டப்பட்டிருந்தது, விரல்களும் திறக்கவில்லை. உருகிய ஈயம் அவன் காலணியில் கொட்டி, தோலைத் தின்று, பாதத்தில் இறங்கியது. அலறல் கேட்டுப் பக்கத்திலிருந்தவன் ஓடிவந்து துணியை அறுத்தான். சூப்பர்வைசர் காயத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு, "கொஞ்ச நாள் ஊட்ல இரு" என்றார். பட்டறையிலிருந்து அவனைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

சஹாபுதீன்தான் வேன் பிடித்துச் சென்னைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பிரின்சியும் கூட வந்தாள். பாதத்துக்குக் கட்டுப்போட்ட பிறகு ஒரு டாக்டரம்மா அவன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பல் ஓரமாக ஒரு நீலக்கோடு ஓடியது. இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது.

"குணமாகுமா மேடம்?" என்று சஹாபுதீன் கேட்டார்.

"அந்த வேலைக்கு இனிமே போகக்கூடாது. மாத்திரை தரேன், கைக்குப் பட்டை கட்டணும். மெதுவா வரும்." எழுதிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "வேலைத் துணியெல்லாம் யார் துவைக்கிறது?"

ஓரத்தில் நின்றிருந்த பிரின்சி, "நான்தாங்க" என்றாள். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்து, பிறகு வயிற்றைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். "நீயும் இரத்தம் குடுத்துட்டுப் போம்மா" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் பிரின்சி ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். பிறகு வந்த ரிப்போர்ட்டில் அவள் இரத்தத்திலும் ஈயம் இருந்தது. அவனுக்கு இருந்த அளவு இல்லை, ஆனால் இருந்தது.

அவன் கை ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு முக்கால்வாசி மேலே வந்தது. வள்ளூர்ப் பக்கம் ஒரு லாரி நிறுத்துமிடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. சஹாபுதீன் கடையை மூடிவிட்டுப் பழவேற்காட்டுக்கே போய்விட்டார். பாக்கியநாதன் அதற்குப் பிறகு விளையாடவே இல்லை. கை ஆடுமா ஆடாதா என்று சோதித்துப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

இதற்கிடையில், 2006 செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. எடை கம்மி. விக்டோரியா என்று பெயர் வைத்தார்கள். பார்க்க அழகாக, துறுதுறுவென்று இருந்தாள். தாமதமாகத்தான் நடந்தாள். மூன்று வயது நெருங்கியும் அம்மா என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. "எங்க அண்ணன்கூட நாலு வயசுலதான் பேசிச்சாம்" என்று பிரின்சி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். டாக்டரம்மா பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

ஷிப்டு முடிந்து வந்ததும் பாக்கியநாதன் வாசல் குழாயில் கைகால் கழுவி, வேறு சட்டை மாற்றிய பிறகே உள்ளே வருவான். குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து "அப்பா சொல்லு" என்பான். அவள் அவன் வாயையே உற்றுப் பார்ப்பாள். உதட்டைக் குவிப்பாள். அவன் காத்திருப்பான்.