தறிக்குழியில் ஏறிய ஈரம்

இன்று காலை குளியலறையில் தண்ணீரைக் கொட்டியதும், குழாய்க்குள் யாரோ விழுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. சின்ன வயதில் இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

ஆரணி வீட்டில் எங்களுக்குக் குழித்தறி. அம்மா குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து நெய்வாள். ஒரு கோடை மத்தியானம் திடீரென்று நிறுத்தினாள்.

"கீழ யாரோ தண்ணி குடிக்கிற மாதிரி கேக்குது," என்றாள்.

"தறி சத்தமா இருக்கும்," என்றார் அப்பா.

"தறியதான் நிறுத்திட்டேனே."

எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் குழியின் அடிமண் ஈரமானது. மழையே இல்லை. தொட்டால் சில்லென்று பிசுபிசுத்தது.

அப்பா கொத்தனாரை அழைத்துவந்தார். கொல்லையில் கக்கூஸ் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழியை அவர் திறந்தார். விளிம்புவரை நுரை நின்றது.

"பட்டு வேகவெச்ச சோப்புத் தண்ணிய இதுலயா ஊத்திகினு இருந்தீங்க? மண்ணு அடைச்சுக்கிச்சு. தண்ணி வேற வழி தேடிகினு போவுது."

பிறகு தறிக்குழியின் சுவரைக் கடப்பாரையால் மெல்லத் தட்டினார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து கொல்லைப் பக்கமாக இருட்டுக்குள் போனது. அம்மாவின் மிதிக்கு அடியில் மண்ணே இல்லை. மேல்மண் மட்டும் மெல்லிய ஓடுபோல் நின்றிருந்தது.

"இவ்ளோ நாளா என் காலுக்குக் கீழதான் வந்துகினு இருந்துச்சா?" என்றாள் அம்மா.

அப்பா கொல்லையில் தள்ளிப்போய்ப் புது உறிஞ்சுகுழி வெட்டி ஜல்லி கொட்டினார். சோப்புத் தண்ணீரை அதில் விடவில்லை. பொந்தை அடைத்ததும் ஈரம் காய்ந்தது. ஆனாலும் அம்மா அதன்பிறகு தறிக்குழிக்குள் காலை விடவே இல்லை. பாதியில் நின்ற சேலையை அப்பாதான் நெய்து முடித்தார்.

பிளம்பர் நாளைதான் வருவாராம். அதுவரை மகளை அந்தப் பக்கம் விடாமல் குளியலறையைப் பூட்டி வைத்திருக்கிறேன்.