எக்ஸ்சேஞ்ச் அக்காவும் வெள்ளை விளிம்பு ஐவியும்

அந்த ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு வந்த போன்களையெல்லாம் பத்தொன்பது வருஷம் முதலில் எடுத்தவள் எக்ஸ்சேஞ்ச் அக்காதான். மாடிப்படிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. ஒரு நாற்காலி, எதிரே பலகை நிறையச் சின்னச் சின்ன விளக்குகள். "லைன்ல இருங்க, தர்றேன்" என்ற அந்தக் குரல் ஆபீசில் எல்லோருக்கும் அத்துப்படி. முகம்தான் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோரும் போனபின் கிளம்புகிறவளை யார் பார்க்க முடியும்?

பிறகு ஒரு மெஷின் வந்தது. ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்றது. அக்காவுக்கு ஒரு கடிதமும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும்தான். தங்கைக்குத் தையல் வேலை.

"ஒரு தடவை அழுதுடுக்கா. மனசு லேசாகும்."

"வந்தா அழமாட்டேனாடி?" என்றாள் அக்கா. வரவில்லை.

நாலு மாதம் கழித்து, ஆபீசுகளுக்குத் தொட்டிச்செடி வாடகைக்கு விடும் நர்சரிக்காரர் ஒருவர் ஆள் தேடினார். "நாள் பூரா போன்ல பேசினவங்க நீங்க. செடி பேசாதே, சரிப்படுமா?"

"அதுக்குத்தான் சார் வந்தேன்."

பெரும்பாலும் ஐவிக் கொடிதான். இலையின் நடுவே பச்சை, விளிம்பில் வெண்ணெய் நிறம். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்; வாரத்துக்கொரு தரம் தொட்டியைத் திருப்பி வைப்பது; நீண்டு தொங்கும் நுனியைக் கிள்ளிவிடுவது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

மூன்றாவது மாதம் அவளுடைய பழைய கட்டடத்தையே அவள் பங்கில் போட்டார் நர்சரிக்காரர். அவருக்கு விஷயம் தெரியாது, அவளும் சொல்லவில்லை. வாசலில் நின்று, நெஞ்சு ஏதாவது செய்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. புதிதாக வந்திருந்த காவலாளி அவளுடைய நர்சரி அட்டையைப் பார்த்துவிட்டு, வாளி, பூவாளி வைக்க ஒரு இடம் இருக்கிறது என்று மாடிப்படிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அவளுடைய அறைதான். பையை அதே ஆணியில் மாட்டிவிட்டு மேலே போனாள்.

இரண்டு மாதம் ஒருத்தரிடமும் வாயைத் திறக்கும் அவசியம் வரவில்லை. ஒருநாள் ஆறாவது மாடியில் கணக்கு அதிகாரி தன் மேஜைத் தொட்டியைக் காட்டிக் குறைபட்டுக்கொண்டார்.

"ஏம்மா, வந்தப்ப அழகா வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. இப்ப வெறும் பச்சையா வருதே?"

"வெளிச்சம் பத்தலை சார். இருட்டுல வெச்சா வெள்ளை போயிடும். முழுப் பச்சையா வர்ற கொடியை வெட்டிட்டு ஜன்னலோரம் வெக்கணும். கொஞ்சம் இருங்க, வெட்டித் தர்றேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க?"

"வெட்டித் தர்றேன்னேன் சார்."

"எக்ஸ்சேஞ்ச் அக்காவா?"

அவள் தலையசைத்தாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "எம் பொண்ணு பொறந்த அன்னிக்கு ஒம்பது மாடிக்கும் போன் போட்டு என்னைத் தேடிப் பிடிச்சு சொன்னது நீங்கதாங்க!"

"அப்படியா சார்." அவளுக்கு நினைவில்லை. அந்த மாதிரி எத்தனையோ.

பக்கத்து மேஜைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ டீ வாங்கி வந்தார்கள். அந்தப் பழைய "லைன்ல இருங்க, தர்றேன்"-ஐ ஒரே ஒரு தடவை சொல்லச் சொன்னார்கள். கத்தரிக்கோலும் கையுமாய் நின்றபடி சொன்னாள். கைதட்டினார்கள். வெட்டிய தண்டின் சாறு பட்டு விரலிடுக்கு அரித்தது. அப்போது அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் நிர்வாகத்திலிருந்து கேட்டார்கள்: மெஷினில் இருக்கும் குரல் யாருக்கும் பிடிக்கவில்லை, அக்காவே பேசிக் கொடுத்தால் என்ன?

தங்கை தையலை நிறுத்திவிட்டாள். "உன் வேலையைப் புடுங்கின மெஷினுக்கே குரல் குடுக்கப் போறியா? உனக்குச் சூடு சொரணை இல்லையாக்கா?"

அக்கா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "இருந்துச்சுடி. எங்க வெச்சேன்னுதான் தெரியலை."

போய்ப் பேசிக் கொடுத்தாள். பதினாலு வாக்கியம், அரைமணி நேரம். மூக்கடைப்பு இருந்ததால் மூன்றாவது வாக்கியத்தை மட்டும் இரண்டு முறை பேச வேண்டியிருந்தது.

ஒரு மாதத்துக்கு அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்கிற மாதிரி, தங்கை அந்த நம்பருக்குப் போன் போட்டாள். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்தாள்.

"சளி புடிச்ச மாதிரி இருக்கு."

"அன்னிக்குச் சளிதான்."

"அப்ப சரி," என்று தங்கை துணியைத் திரும்ப மெஷினுக்கடியில் தள்ளினாள்.

மறுநாள் நாலாவது மாடியில் இரண்டு தொட்டிகளில் இலைக்கடியே பூச்சி வலை பின்னியிருந்தது. ஏசிக் காற்றில் ஈரம் இல்லாவிட்டால் அப்படித்தான் வரும். அக்கா இரண்டையும் குழாயடிக்குத் தூக்கிப்போய், ஒவ்வொரு இலையாகப் புரட்டிக் கழுவினாள். முடிக்கப் பதினொரு மணி ஆயிற்று.