அம்மா போடாத கேப்சூல்

மேஸ்திரி, என் அம்மாவின் வயிற்றைப் புண்ணாக்கியது நீங்கள்தான்.

மரக்காணம் உப்பளத்தில் அம்மா கூடை சுமந்தாள். விடியும்போதே வேலை தொடங்கிவிடும். பத்து மணிக்குத்தான் கஞ்சி. தினமும் அதற்கு முன்பே நீங்கள் வரப்பில் நின்று, டீயோடு ஆளுக்கொரு வலி மாத்திரை கொடுப்பீர்கள்.

“முட்டி வலின்னு உக்காந்துட்டா லாரி நிக்குமா? போட்டுக்கோம்மா, குதிர மாதிரி ஓடுவ.”

“குதிரைக்குக் கொள்ளாச்சும் வெப்பாங்க மேஸ்திரி” என்பாள் அம்மா. எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே விழுங்குவாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன்.

“வேற மாத்திர எதுனா போடறியாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லீங்க.”

அவள் பொய் சொல்லவில்லை. அளத்தில் கொடுப்பது டீயோடு வருவது. அதை யாரும் மருந்தாக நினைத்ததில்லை.

டாக்டர் கேப்சூல் எழுதிக் கொடுத்தார். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அட்டையை அலமாரியில் போட்டாள். “காலைல நான் எங்க சாப்பிடறேன்? சாப்பிடறவங்களுக்குத்தான் இது.”

கேப்சூலைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் குருணை. வாசல் மண்ணில் பாத்தி கட்டி, அதைக் கொட்டி உப்பு மாதிரி குவித்து விளையாடினேன். அட்டை காலியானது. அம்மா பார்த்தாள், திட்டவில்லை. “மொதலாளி ஆயிட்டியா? எனக்கு ஒரு வேல போட்டுக் குடு. கஞ்சி மட்டும் சீக்கிரம் ஊத்திடு.”

அடுத்த மாதம் ஒரு காலையில், அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உப்புக் குவியல் மேலேயே ரத்த வாந்தி எடுத்தாள். கருஞ்சிவப்பாக இருந்தது. ஓடி வந்த நீங்கள் முதலில் சொன்னது, “அந்த உப்ப மட்டும் தனியா ஒதுக்குங்க.” மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைப் பிணமாகக் கொண்டுவந்தார்கள்.

இப்போது நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். வலி மாத்திரை கேட்பவர்களிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் கொடுப்பதில்லை. வெறும் வயிற்றில் தினமும் போட்டால் அது வயிற்றை அரித்துப் புண்ணாக்கும். அந்த வயிற்றைக் காக்கத்தான் கேப்சூல். அதைத்தான் நான் மண்ணில் கொட்டிக் குவித்தேன். எனக்குத் தெரியாது.

உங்களுக்கு? இன்றைக்கும் உங்கள் சட்டைப் பையில் அதே மாத்திரை அட்டை இருக்கிறது. நாளைக் காலை, டீ ஊற்றுவதற்கு முன்னால், அதே வரப்பில் அத்தனை பெண்கள் முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள், மேஸ்திரி. தெரிந்து கொடுத்தீர்களா, தெரியாமல் கொடுத்தீர்களா?