பூனையைப் பட்டினி போட்ட டெயிலர்

வீட்டில் மெஷின் வைத்துத் தைக்கிறவளிடம் துணி கொடுக்க வருகிறவர்கள், அவளுடைய வீட்டையும் சேர்த்து அளவெடுத்துக்கொண்டுதான் போவார்கள். என்னைப் போல முன்னறையில் மெஷினைப் போட்டு, பிள்ளையையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டே பெருநாள் உடுப்புத் தைக்கிற சகோதரிமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. போன நோன்பில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி ஆறுவது?

என் மகள் ஹனா, கருவாடு காயப்போடுகிற வாடிக்குப் பின்னால் கிடந்த பூனைக்குட்டி ஒன்றைத் தன் சட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். தாய்ப்பூனையைத் தேடித் தேடிப் பார்த்தோம், இல்லை. குட்டி என் உள்ளங்கை அளவுதான். ஆனால் தொண்டை ஐஸ் லொறியின் ஹோர்ன்.

பூனைக்கும் நோன்பா?

முதலில் வந்து மாட்டியது பள்ளிக்கூட மிஸ் ஒருவர். அபாயாவுக்குத் துணி கொண்டுவந்திருந்தார். நான் மெஷினை நிறுத்தி, எழும்பி, அளவு நாடாவைக் கையில் எடுத்ததுதான் தாமதம். மேசைக்குக் கீழே வெட்டுத்துண்டுக் குவியலில் படுத்திருந்த குட்டி வாயைத் திறந்தது. தோள், கை, உயரம் எல்லாம் எடுத்து முடியுமட்டும் அது வாயை மூடவேயில்லை.

மிஸ் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினபோதே சோறும் மீனும் பிசைந்து அதற்கு வைத்திருந்தேன். பகலும் வைத்தேன். அந்த நேரத்தில் வீட்டில் வயிறு காய்ந்துகொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்! அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மிஸ் முந்திக்கொண்டார்: "நீங்க நோன்பு பிடிச்சா, இந்த வாயில்லாச் சீவனும் பிடிக்கணுமா?"

பச்சை சாட்டின்

அந்தக் கதை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் துணிப் பையோடு தீனிப் பையும் கொண்டுவந்தார்கள். ஒருத்தி சூடை மீன் தலை. ஒருத்தி பள்ளிவாசலில் வாங்கின நோன்புக் கஞ்சி. அடுத்த வீட்டு மாமி பால்மாவைக் கெட்டியாகக் கரைத்து, ஒரு சிரட்டையில் கொண்டுவந்து தானே ஊட்டினார். வேண்டாம் மாமி என்றால், "வாயைப் பொத்து புள்ள, அது பசியில சாகுது" என்று எனக்கே ஏச்சு.

பச்சைக் குழந்தையின் வயிற்றில் இத்தனையையும் கொட்டினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. நடந்த இடம்தான் பிழை. மாமி தைக்கத் தந்து, நான் மடித்து வைத்திருந்த பச்சை சாட்டின் துணி. தண்ணீர்கூடக் குடிக்காத வாயோடு, கிணற்றடியில் குந்தி அதை அலசிக்கொண்டிருந்தேன். மாமி வந்து பார்த்தார். பால்மா உங்களுடையதுதானே மாமி என்றேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை: "நான் ஒரு சிரட்டைதானே குடுத்தேன், வளர்க்கிறது நீதானே!"

வொய்ஸ் மெசேஜ்

உடப்பு ஊரிலிருந்து ஓர் அக்கா, கோயில் திருவிழாவுக்குச் சாரி பிளவுஸ் தைக்க வேண்டும் என்று போனில் கேட்டிருந்தார். புது ஆள். நல்லபடியாகத் தைத்துக் கொடுத்தால் அந்தப் பக்கத்து ஓடரெல்லாம் வரும் என்று எனக்கு ஓர் ஆசை. மெஷினை நிறுத்திவிட்டு, எந்தெந்த அளவை எப்படி எடுத்து அனுப்ப வேண்டும் என்று பொறுமையாக வொய்ஸ் போட்டேன். குட்டியும் என்னோடு சேர்ந்து போட்டது. திரும்பப் போட்டேன். திரும்ப அதுவும் போட்டது. கடைசியில் அக்காவிடமிருந்து பதில் வந்தது: "தங்கச்சி, பூனை கதைக்கிறது நல்லா விளங்குது. நீங்க கதைக்கிறதுதான் விளங்கல்ல. நான் இங்கேயே ஆளைப் பாக்கிறன்."

அதை என் மனிசனும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மீன் லொறியில் வேலை. குட்டியைச் சந்தையில் விடப்போவதாகச் சொன்னார். லொறி போகும் சந்தையில் மீன் கழிவுக்கு அடிபடுகிற நாய்கள் எத்தனை என்று அவருக்குத் தெரியாததா? இந்தக் குட்டிக்கு நான் இருந்து தைக்கிற கதிரையின் காலில் ஏறவே தெரியாது. ஹனா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அசையவில்லை: "இப்பிடியே போனா பெருநாள் ஓடரும் போயிடும். வெள்ளிக்கிழமை லொறியில ஏத்திக் கொண்டுபோய்ச் சந்தையில விட்டுட்டு வாறேன்."

த்ரீவீலர்காரர் பிடித்த நோய்

வியாழக்கிழமை குட்டியைத் துவாயில் சுற்றி, ஹனாவையும் கூட்டிக்கொண்டு, த்ரீவீலரில் கற்பிட்டி டவுனுக்கு மிருக வைத்தியரிடம் போனேன். போகிற வழி முழுக்க ஒரு சத்தமில்லை. செத்துவிட்டதோ என்று துவாயை விலக்கிப் பார்த்தால், நல்ல நித்திரை. வைத்தியரின் மேசையில் வைத்ததும் தொடங்கியது பாருங்கள் கச்சேரி! அவர் வயிற்றை அமத்திப் பார்த்தார், பூச்சி மருந்து கொடுத்தார். பசியில்லை, நோயுமில்லை, தாயின் சூட்டைத் தேடுகிறது, கண்டதையும் ஊட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்போடு அணைத்து வைத்திருங்கள் என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஊர் முழுக்கப் பட்டினி போட்டவள் என்று பேரெடுத்த பிறகா இது? அணைத்து வைத்துக்கொண்டால் நான் எப்படித் தைப்பது? திரும்பி வரும்போது மறுபடியும் குட்டி அமைதி. வழியில் தண்ணீர்க் கேன் நிரப்ப த்ரீவீலர்காரர் எஞ்சினை நிறுத்தினார், உடனே கத்தல். கிளப்பினார், மூடிக்கொண்டது. த்ரீவீலர்காரர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துச் சிரித்தார்: "ராத்தா, இதுக்கு வருத்தம் ஒண்டுமில்ல. எஞ்சின் நிண்டாத்தான் கத்துது."

வெள்ளிக்கிழமை

அப்போதுதான் எனக்கு வெளித்தது. பகல் முழுக்க அது என் காலடியில், சூடாக உறுமிக்கொண்டிருக்கிற மெஷின் மோட்டரோடு ஒட்டிப் படுத்துத் தூங்கும். ஆள் வந்தால் மெஷினை நிறுத்துவேன். உறுமல் நிற்கும், நானும் எழும்பிப் போய்விடுவேன். தாய் இரண்டாந்தரம் விட்டுப்போன மாதிரி அது கத்தும். வந்தவர்கள் கண்டதெல்லாம் அந்தக் கத்தலைத்தான். மணிக்கணக்காக அது தூங்கினதற்குச் சாட்சி சொல்ல ஒரு மனிசியாவது வந்தாளா?

மிஞ்சின பெனியன் துணியில் ஒரு பை தைத்து, நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டேன். மெஷினை நிறுத்துகிறபோது குட்டி பைக்குள். வெள்ளிக்கிழமை காலையில் வந்த ஒருத்திக்கு அளவெடுத்தேன், ஒரு முணுமுணுப்பும் இல்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த மனிசன், கையில் வெறும் மீன் பெட்டியோடு குட்டியைத் தேடினார். மேசைக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், அடுப்படியில். வீடே அமைதி. தேடத் தேட முகம் மாறியது. "எங்க அது? ஆருக்குக் குடுத்த? என்னைக் கேட்காம எப்பிடிக் குடுப்பாய்?" சந்தையில் விட வந்த மனிசன் கேட்கிற கேள்வியா இது! எனக்கு வந்த கோபத்துக்கு வாய் திறந்திருப்பேன். அதற்குள் ஹனா சிரித்துக்கொண்டே என் நெஞ்சைக் காட்டினாள். பையிலிருந்து ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது. வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. அந்தக் காது ஒருதரம் ஆடிவிட்டுத் திரும்பத் தூங்கியது. மனிசன் வெறும் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்: "கத்துற பூனையைத்தானே கொண்டுபோறேன் எண்டு சொன்னேன். இது வேற பூனை."

கத்துகிற பூனையைச் சமாதானப்படுத்த ஒரு முழப் பெனியன் துணி போதும், அதற்காகக் கத்துகிற ஆட்களுக்குத்தான் எந்தத் துணியில் பை தைத்தாலும் கொள்ளாது போல.